காற்றின் மேல் நிற்கும் மெர்சிடிஸ்

பழைய கார் விற்கும் இடங்களில் இந்தக் காட்சி கண்ணில் படும். இருபது வயதைத் தாண்டிய பெரிய சொகுசு கார் ஒன்று. பெயின்ட் மங்கவில்லை, தோல் இருக்கை கிழியவில்லை. ஆனால் முன்பக்கத்து ஒரு மூலை மட்டும் தரையோடு தரையாக இறங்கி, மட்கார்டு டயரை மூடிக்கொண்டு, முட்டி மடக்கிய யானைபோல் நிற்கும். "ஏர் சஸ்பென்ஷன் போயிருச்சு சார், கழட்டிப் போட்டுட்டு காயில் ஸ்ப்ரிங் மாட்டிருங்க, தலைவலி விட்டது" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை. எந்த வசதிக்காக முதல் சொந்தக்காரர் பணத்தைக் கொட்டினாரோ, அதுவே இப்போது காரின் விலையை இறக்குகிறது. இரண்டு டன் இரும்பைக் காற்றை நம்பி நிறுத்தியதே முட்டாள்தனம் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. காற்று சஸ்பென்ஷனின் சிறப்பும் நோயும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. மூச்சை இழுத்து மூச்சை விட்டுத்தான் அது வேலை செய்கிறது. அப்படிப்பட்ட ஒன்றை டயரைப்போலப் பராமரிக்க வேண்டும். அதைச் சேசிஸைப்போல ஆயுள் முழுக்க உழைக்கும் பொருள் என்று சொல்லி விற்றதும், அப்படி நம்பி வாங்கியதும்தான் கோளாறு.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளிவைப்போம். காற்று மெத்தென்று இருக்கும், எஃகு விறைப்பாக இருக்கும், ஆகவே காற்றில் போகும் கார் சுகமாக இருக்கும் என்று நினைக்கிறோம். எஃகுச் சுருளை எவ்வளவு மென்மையாக வேண்டுமானாலும் செய்யலாம். கம்பியை மெலிதாக்கினால், சுற்றுகளைக் கூட்டினால் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு காரை அமுக்கிவிட்டால் அது வினாடிக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆடுகிறது என்பதில்தான் பயணச் சுகம் அடங்கியிருக்கிறது. வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான குலுக்கல் வயிற்றையும் முதுகையும் வாட்டும். அரைத் தடவைக்கும் கீழே போனால் கப்பலில் வரும் குமட்டல் வரும். நம் உடம்புக்கு ஒத்துவருவது வினாடிக்கு ஒரு தடவை, அல்லது அதற்குக் கொஞ்சம் கூடுதல். எஃகுச் சுருள் வினாடிக்கு ஒரு தடவை ஆட வேண்டுமானால், காரின் எடையை அதன்மேல் இறக்கி வைத்ததும் அது 25 சென்டிமீட்டர் அமுங்கியாக வேண்டும். கார் சின்னதா பெரியதா என்பது இங்கே கணக்கில் வராது. புவியீர்ப்பு விதிக்கும் எண் அது. வினாடிக்கு 1.2 தடவை என்றால் 17 சென்டிமீட்டர். இப்படி மென்மையான சுருளின்மேல் பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறினால் என்ன ஆகும்? கார் பின்னால் உட்கார்ந்துவிடும்.

எண்களோடு பார்க்கலாம். ஒரு சக்கரத்தின்மேல் 500 கிலோ விழுகிறது, சுருள் வினாடிக்கு 1.2 தடவை ஆடும்படி அமைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூலையில் இன்னொரு 125 கிலோ ஏறினால் கார் 4.3 சென்டிமீட்டர் இறங்கும். மேல்நோக்கி நகர்வதற்குச் சக்கரத்துக்கு மொத்தமே எட்டு, பத்து சென்டிமீட்டர்தான் இடம். அதில் பாதி, பள்ளம் எதையும் பார்க்கும் முன்பே தீர்ந்துபோகிறது. மீதியில் ஒரு குழி வந்தால் ரப்பர் முட்டுக்கட்டையில் 'டம்' என்று இடிக்கும். இதைத் தவிர்க்க வடிவமைப்பாளர் செய்வது ஒன்றுதான்: சுருளை விறைப்பாக்குவது. அதாவது ஐந்து பேர் ஏறும் அபூர்வமான நாளுக்காக, ஒருவர் மட்டும் போகும் எல்லா நாளும் காரைக் குலுங்க வைப்பது. எஃகில் உயரமும் மென்மையும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். ஒன்றை இழுத்தால் மற்றது வரும்.

காற்று அந்தக் கயிற்றை அறுக்கிறது. அதே 500 கிலோவை 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு ரப்பர் பெலோஸ் தாங்குகிறது, அதற்குள்ளும் அதோடு சேர்ந்த அறைக்குள்ளும் 3 லிட்டர் காற்று இருக்கிறது என்று கொள்வோம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, ஆனால் உண்மைக்குத் தொலைவில் இல்லை. உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 5 பார் இருக்க வேண்டும். கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. கணக்குப் போட்டால் இதுவும் வினாடிக்கு 1.2 தடவைதான் ஆடுகிறது. எஃகைவிட எந்த விதத்திலும் மென்மை இல்லை. இப்போது அந்த 125 கிலோ ஏறுகிறது. கார் இறங்கத் தொடங்கியதும் ஒரு வால்வு திறந்து பெலோஸுக்குள் கூடுதல் காற்றை அனுப்புகிறது. அழுத்தம் 6.25 பாருக்கு ஏறுகிறது, கார் பழைய உயரத்துக்கே வந்து நிற்கிறது. உயரம் பழையது என்பதால் கொள்ளளவும் பழையதுதான். கொள்ளளவு மாறாமல் அழுத்தம் மட்டும் ஏறினால் விறைப்பும் அதே விகிதத்தை ஒட்டி ஏறும். பாரம் கூடியது, விறைப்பும் கூடியது, ஆட்டம் 1.19 தடவையிலிருந்து 1.17க்குப் போகிறது, அவ்வளவுதான். காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் கார் ஒரே மாதிரி மிதக்கிறது, சக்கரம் நகர முழு இடமும் கைவசம் இருக்கிறது. காற்று சஸ்பென்ஷனுக்குக் கொடுக்கும் பணம் இதற்குத்தான். பெலோஸ் வெறும் பை. தன் விறைப்பைப் பாரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் தராசாக அதை ஆக்குவது அந்த உயர வால்வு.

இதில் வடிவமைப்பாளருக்கு இன்னும் சில சௌகரியங்கள் உண்டு. பெலோஸோடு ஒரு காலி அறையை இணைத்தால் காற்று கூடுகிறது, விறைப்பு குறைகிறது. எஃகில் இதற்குச் சுருளையே மாற்ற வேண்டும். பெலோஸின் மடிப்பு ஒரு பிஸ்டனின்மேல் சாக்ஸ் உருள்வதுபோல் உருள்கிறது. அந்தப் பிஸ்டனை நடுவில் இடுப்பு சிறுத்ததாகக் கடைந்தால், சாதாரண உயரத்தில் மென்மையும், அடிமட்டத்தை நெருங்கும்போது விறைப்பும் கிடைக்கும். ஒரு எதிர்விளைவும் இருக்கிறது. காற்றை மெதுவாக அமுக்கினால் சூடு வெளியேறிவிடும். சட்டென்று அமுக்கினால் சூடு உள்ளேயே நின்று அழுத்தத்தை மேலும் ஏற்றும். அதனால் மெதுவான அசைவுக்குக் காட்டும் மென்மையைத் திடீர்க் குழிக்கு அது காட்டாது, விறைப்பு 1.4 மடங்கு வரை போகலாம்.

மெர்சிடிஸ் 1961ல் 300எஸ்இ காரில் முதன்முதலாகக் காற்று சஸ்பென்ஷனைப் பொருத்தியது. ஜெர்மனியில் அதற்கு முந்தைய வருடமே போர்க்வார்ட் நிறுவனத்தின் பி100 காற்றின்மேல் ஓடத் தொடங்கிவிட்டது. 1963ல் வந்த மெர்சிடிஸ் 600, 1968ல் வந்த 300எஸ்இஎல் 6.3 எல்லாமே இந்த வழிதான். (600ல் கண்ணாடி ஏற்றவும் இருக்கை நகர்த்தவும் 150 பார் அழுத்தத்தில் ஓடும் எண்ணெய் அமைப்பு ஒன்று தனியாக உண்டு. அதையும் காற்று சஸ்பென்ஷனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.) இந்தக் கார்களில் கணினி ஏதும் இல்லை. என்ஜின் சுழற்றும் ஒரு சிறிய கம்ப்ரஸர், காற்றைச் சேர்த்துவைக்கும் தொட்டி, சக்கரத் தாங்கியின் அசைவோடு கம்பியால் இணைந்த உயர வால்வுகள். கார் இறங்கினால் கம்பி வால்வை ஒரு பக்கம் திருப்பும், காற்று உள்ளே போகும். ஏறினால் மறுபக்கம் திருப்பும், காற்று வெளியே போகும். ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வால்வு பதறிவிடாதபடி அதன் அசைவைத் தாமதப்படுத்தியிருப்பார்கள். இல்லாவிட்டால் கரடுமுரடான சாலையில் தொட்டிக் காற்று முழுவதும் வீணாகிவிடும்.

சக்கரம் நான்கு இருந்தும் உயரத்தை அளப்பது மூன்று இடங்களில் மட்டும்தான் என்பது இந்த அமைப்புகள் பலவற்றில் உள்ள ஒரு அழகு. அமெரிக்காவில் 1984ல் கணினிக் கட்டுப்பாட்டோடு வந்த லிங்கன் மார்க் 7ல் உணரிகள் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும். நான்கு இடத்தில் தனித்தனியாக உயரத்தைத் திருத்தப் போனால் ஒரு மூலை மற்றொன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும்.

தொழில்நுட்பம் இவ்வளவு நேர்த்தி என்றால் அமெரிக்காவில் ஏன் முதலில் மண்ணைக் கவ்வியது என்று கேட்கலாம். 1957ல் காடிலாக் எல்டொராடோ ப்ரோகாம் நான்கு சக்கரத்திலும் காற்றோடு, 13,074 டாலர் விலைக்கு வந்தது. அடுத்த வருடமே ஜெனரல் மோட்டார்ஸ் தன் மலிவான கார்களுக்கும் அதைக் கூடுதல் வசதியாகக் கொடுத்தது; ஃபோர்டும் பின்தொடர்ந்தது. காற்று கசிந்தது, காலையில் கார்கள் படுத்துக் கிடந்தன, பலர் காயில் ஸ்ப்ரிங்குக்கு மாற்றிக்கொண்டார்கள், சில வருடங்களில் பட்டியலிலிருந்தே அது மறைந்துபோனது. இன்றைய மெக்கானிக்கின் யோசனை அப்போதே பிறந்துவிட்டது. ஆனால் அதே ஜெனரல் மோட்டார்ஸ் 1954ல் கிரேஹவுண்ட் பஸ் நிறுவனத்துக்காகச் செய்த சீனிகுரூசர் பேருந்துகளும் காற்று சஸ்பென்ஷனில்தான் ஓடின. பேருந்தில் அது நிலைத்தே விட்டது. நம் ஊர் ஆம்னி பஸ்களின் பக்கவாட்டில் 'ஏர் சஸ்பென்ஷன்' என்று பெருமையாக எழுதிக்கொள்ளும் வழக்கத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரே காற்று, ஒரே ரப்பர். பஸ்ஸில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவது காரில் மட்டும் ஏன் சாக வேண்டும்? பஸ்ஸில் பிரேக்குக்காக ஒரு பெரிய கம்ப்ரஸர் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிறது, சிறு கசிவை அது பொருட்படுத்தாது. பெலோஸுக்குத் தாராளமான இடம் உண்டு. முக்கியமாக, பெலோஸ் என்பது தேய்ந்தால் மாற்ற வேண்டிய பொருள் என்று பஸ் முதலாளிக்குத் தெரியும். டெப்போவில் அது பிரேக் லைனிங்கோடு சேர்ந்த கணக்கு.

சிட்ரோயன் அன்பர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். 1955ல் வந்த டிஎஸ் காரில் நைட்ரஜனை ஒரு உருண்டைக்குள் அடைத்து, அதற்குக் கீழே எண்ணெயை வைத்து, உயரத்தை எண்ணெயால் சரிசெய்தார்களே, கசியும் காற்றை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பார்கள். வலுவான கேள்வி. மெர்சிடிஸே 1975ல் 450எஸ்இஎல் 6.9 காரில் காற்றை விட்டுவிட்டு எண்ணெயும் வாயுவும் சேர்ந்த இந்த வழிக்குப் போனது. எண்ணெய் மிக உயர்ந்த அழுத்தத்தில் வேலை செய்யும் என்பதால் பாகங்கள் சின்னதாக அடங்கும், ஈரப்பதத் தொல்லையும் கிடையாது. ஆனால் அங்கே வாயுவின் அளவு மாறாது. பாரம் ஏறினால் அழுத்தமும் ஏறும், வாயு சுருங்கவும் செய்யும். இரண்டும் சேர்ந்து விறைப்பைப் பாரத்தின் வர்க்கத்துக்கு ஏற்றிவிடும். பாரம் கால் பங்கு கூடினால் விறைப்பு பாதிக்கும் மேல் கூடும். கார் இறங்காது, ஆனால் பாரத்தோடு இறுகும். திறந்த காற்றின் பலம் அதன் எடையையே கூட்டிக் குறைக்க முடிவது. அதற்குக் கொடுக்கும் விலை, வாழ்நாள் முழுக்க வெளிக்காற்றை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருப்பது.

அந்த வெளிக்காற்றில் தண்ணீர் இருக்கிறது. 30 டிகிரி வெயிலில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீர் ஆவியாக இருக்கும். அதை எட்டில் ஒரு பங்காக அமுக்கி ஆறவிட்டால், அந்தச் சிறிய இடத்தால் 4 கிராமைக்கூடப் பிடித்துவைக்க முடியாது. மீதி 20 கிராம் சொட்டுச் சொட்டாகப் பிரியும். அறுபதுகளின் மெர்சிடிஸில் குளிர்காலத்தில் இது குழாய்க்குள் உறையாதபடி ஆல்கஹால் நிரப்பிய ஒரு சின்னக் கலத்தை வைத்தார்கள். 1998ல் டபிள்யூ220 எஸ் கிளாஸில் ஏர்மேட்டிக் என்ற பெயரோடு காற்று திரும்பி வந்தபோது, மின்சாரக் கம்ப்ரஸரோடு ஈரத்தை உறிஞ்சும் மணிகள் கொண்ட உலர்த்தியும் கூடவே வந்தது. இந்த உலர்த்தியின் சாமர்த்தியம் பார்க்கத் தக்கது. உள்ளே போகும் ஈரக்காற்றிலிருந்து மணிகள் நீரை எடுத்துக்கொள்கின்றன. கார் காலியாகி, பெலோஸிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டி வரும்போது, உலர்ந்த அந்தக் காற்று அதே மணிகளின் வழியாகப் பின்னோக்கிப் போய், அவற்றிலிருந்த ஈரத்தை வாரிக்கொண்டு வெளியேறுகிறது. மணிகள் மறுபடி தயார்.

கசிவு வந்ததும் இந்த ஏற்பாடு உடைகிறது. பெலோஸின் ரப்பர், நூலிழை வைத்துச் செய்த மெல்லிய சுவர். உருண்டு உருண்டு மடியும் ஒரே கோட்டில், ஓசோனும் மண் துகளும் சேர்ந்து, பத்துப் பன்னிரண்டு வருடங்களில் தலைமுடி போன்ற வெடிப்புகளை உண்டாக்குகின்றன. காற்று அந்த வெடிப்பு வழியாக வெளியேறுகிறது. உலர்த்தி வழியாகத் திரும்பிப் போவதில்லை. மணிகள் நனைந்துகொண்டே இருக்கின்றன, காயும் வாய்ப்பே இல்லை. சில மாதங்களில் ஈரம் வால்வுக் கட்டைக்குள் போய்த் துருவேற்றுகிறது. இன்னொரு பக்கம், கசிந்த காற்றை ஈடுகட்டக் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடுகிறது. அது விட்டுவிட்டு ஓடுவதற்காகச் செய்த சின்ன இயந்திரம். நிற்காமல் ஓடினால் சூடேறும், பிஸ்டன் வளையம் தேயும், தேய்ந்தால் அழுத்தம் குறையும், குறைந்தால் இன்னும் நேரம் ஓடும். கடைசியில் ரிலே ஒட்டிக்கொண்டு கம்ப்ரஸர் கருகிப்போகிறது. சொந்தக்காரர் கண்ணுக்குத் தெரிவது கருகிய கம்ப்ரஸர்தான். அதை மட்டும் மாற்றுகிறார். வெடித்த பெலோஸ் அப்படியே இருக்கிறது. புதுக் கம்ப்ரஸரும் அதே வழியில் போகிறது. 'எத்தனை தடவை செலவு பண்ணியும் சரியாகவில்லை' என்ற கெட்ட பெயர் பிறப்பது இங்கேதான். சோப்பு நீரில் ஒரு பிரஷ்ஷை நனைத்து மடிப்பில் தடவியிருந்தால் குமிழி காட்டிக்கொடுத்திருக்கும்.

இனி, காயில் மாற்றிக்கொள்ளச் சொல்பவர்களுக்கு வருவோம். அவர்களை முழுக்க மறுக்க மாட்டேன். பெரும்பாலும் தனியாக, நல்ல சாலையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் சொற்பம். காரின் சந்தை விலையைவிடப் பழுதுச் செலவு கூடிவிட்டால் எஃகுச் சுருள் நியாயமான முடிவுதான். ஆனால் 'அதே சுகம் கிடைக்கும்' என்று சொல்லி விற்பது உண்மையில்லை. பின் அச்சின்மேல் விழும் பாரம் காலிக்கும் நிறைவுக்கும் இடையே பெரிதும் மாறும் கார்களில், முன்னே சொன்ன 4.3 சென்டிமீட்டர் கணக்கு அப்படியே திரும்பி வரும். நல்ல எலெக்ட்ரானிக் ஷாக் அப்சார்பர் இருந்தால் காற்று எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஷாக் அப்சார்பர் அசைவை மட்டுமே எதிர்க்கும். நின்றுகொண்டிருக்கும் காரை அதனால் ஒரு கிலோகூடத் தாங்க முடியாது; பாரத்தில் இறங்கிய காரை ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்தவும் முடியாது.

மிஞ்சுவது ஒரே குற்றச்சாட்டு: காற்று என்றைக்கானாலும் கசியும். ஆம், கசியும். டயரிலும் கசிகிறது. டயரும் ஒரு காற்று வில்தான். 1888ல் டன்லப் செய்ததிலிருந்து அதற்கு மாற்று எடுபடவில்லை. மாதம் ஒருமுறை காற்றடிக்கிறோம், நாற்பது ஐம்பதாயிரம் கிலோமீட்டரில் கழற்றி எறிகிறோம். டயர் தேய்ந்துவிட்டது, இரும்புச் சக்கரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. பெலோஸும் அதே ரப்பர், அதே நூலிழை, அதே காற்று. அதற்கு மட்டும் மாற்றும் காலம் இத்தனை வருடம் என்று விற்கும்போதே சொல்லியிருந்தால் இவ்வளவு கார்கள் மூலையில் படுத்திருக்காது. அந்த விஷயத்தில் குறை கார் நிறுவனங்களின் பக்கம்தான்.

பழைய ஏர் சஸ்பென்ஷன் கார் வாங்கும் யோசனை இருந்தால், இரவு முழுக்கச் சமதரையில் நின்ற காரை விடிந்ததும், என்ஜினைத் தொடும் முன் போய்ப் பாருங்கள். கையில் ஒரு டேப் போதும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். நான்கும் ஒரு சென்டிமீட்டர் வாக்கில் இறங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். இரவில் பத்து டிகிரி குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று அவ்வளவு சுருங்கத்தான் செய்யும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் கசிவு. பிறகு ஸ்டார்ட் செய்து, கம்ப்ரஸர் எவ்வளவு நேரம் முனகுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் போகும் முன்பே கார் ஓடிக்கொண்டிருந்தால், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.